விற்பனைக்கு அல்ல: கடைமடை வீடு ஒன்றில் ஓர் அரசு மடிக்கணினி

விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் எல்லோரும் மொத்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். கொள்முதல் செய்தது மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட். 2019-20 வாக்கில் நின்றுபோகும்வரை அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகள் போய்ச் சேர்ந்தன. கொடுத்த கணக்கு பதிவேட்டில் இருக்கிறது. கொடுத்தபின் அந்தக் கருவி வீட்டுக்குள் என்ன ஆனது என்ற கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியராக இருக்கிறேன். ஒரே ஒரு வீடு, ஒரே ஒரு மடிக்கணினி, மூன்று பிள்ளைகள் என்று எல்லையைக் குறுக்கிக்கொண்டு இந்த ஆய்வை எழுதுகிறேன். மூன்று பேருக்குமே நான் பாடம் எடுத்திருக்கிறேன் என்பதால் கருவி கைமாறிய ஒவ்வொரு கட்டமும் எனக்குத் தெரியும். வீட்டார் சம்மதத்தோடு எழுதுவது இது. பெயர் வேண்டாம் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். ஆகவே மூத்தவள், நடுவன், கடைக்குட்டி.

வீடு

திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே, பிரதான சாலையிலிருந்து உள்ளே போகும் ஊர். கடைமடை. நீடாமங்கலம் அருகே வெண்ணாற்றிலிருந்து பிரியும் பாமணியாறும் கோரையாறும் கடைசியாகத் தண்ணீர் கொடுக்கும் பகுதி. மேட்டூர் திறந்த செய்தி தொலைக்காட்சியில் ஓடி முடிந்து வெகு நாள் கழித்துத்தான் இங்கே வாய்க்கால் நனையும். அப்பாவுக்குச் சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம். அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குவார். அம்மா நடவுக்கும் களைக்கும் நூறு நாள் வேலைக்கும் போவார். 2017இல் அது முன்பக்கம் ஓடும் பின்பக்கம் கீற்றும் வேய்ந்த வீடு. மின் இணைப்பு உண்டு. சுவிட்ச் போர்டு ஒன்றே ஒன்று, அதுவும் கூடத்தில். இந்தச் சுவிட்ச் போர்டு பின்னால் முக்கியமாகும்.

பொதுத்தேர்வுக்கு முன் வந்த பெட்டி

மூத்தவள் 2016-17இல் பிளஸ் டூ, கணிதம்–கணினி அறிவியல் பிரிவு. பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு, வரிசையில் நிறுத்தி, கையெழுத்து வாங்கிக் கொடுத்தபோது பொதுத்தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. இரண்டு ஆண்டு நான் அவளுக்குக் கணினி அறிவியல் சொல்லிக்கொடுத்தது கரும்பலகையிலும், ஆறு பேருக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்த ஆய்வகக் கணினியிலும். தனக்கென்று ஒரு கணினி அவள் கைக்கு வந்த நேரத்தில் செய்முறைத் தேர்வே முடிந்திருந்தது.

திட்டத்தின் அடிப்படைக் கோளாறு இதுதான் என்று நான் நினைக்கிறேன். பெயர் என்னவோ பள்ளி மாணவர்களுக்கான கருவி. கிடைக்கும் காலத்தைப் பார்த்தால் பள்ளியை விட்டுப் போகிறவர்களுக்கான பரிசு. ஒன்பதாம் வகுப்பில் கொடுத்திருந்தால் நான்கு ஆண்டு ஆசிரியர் கண்பார்வையில் இருந்திருக்கும். பிளஸ் டூ கடைசியில் கொடுத்ததால், பொறுப்பு கையெழுத்தோடு முடிந்தது. 2017-18 அணிக்கு இதுவும் நேரத்தில் வரவில்லை. அடுத்த அணிக்குக் கொடுத்து தங்களுக்குக் கொடுக்கவில்லையே என்று 2019இல் பல ஊர்களில் முன்னாள் மாணவர்கள் பழைய பள்ளி வாசலில் வந்து நின்றார்கள்.

பெட்டிக்குள் மடிக்கணினி, சார்ஜர், முதலமைச்சர் படம் போட்ட முதுகுப்பை. (அந்தப் பை இன்றும் உழைக்கிறது. டெல்டாவில் எந்த டவுன் பஸ்ஸில் ஏறினாலும் அந்தப் பையைப் பார்க்கலாம். கருவிகளைவிடப் பைகள்தான் நீடித்தன.) உள்ளே இரண்டு இயங்குதளங்கள்: விண்டோஸ் ஒன்று, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் ஒன்று. பாஸ் லினக்ஸைத் திறந்து பார்த்த மாணவர்களை விரல்விட்டு எண்ணலாம். வாங்கிய வாரமே பாதிப் பேர் திருத்துறைப்பூண்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். கடைக்காரர் அதோடு நூறு படமும் பாமினி என்ற பழைய வகைத் தமிழ் எழுத்துருவும் சேர்த்துப் போட்டுக் கொடுப்பார். எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் திறக்கும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது. எங்கள் பக்கத்து டிடிபி கடைகளின் காதில் அது விழவில்லை. மூத்தவள் பின்னாளில் கல்லூரி ஒப்படைப்பு ஒன்றைப் பாமினியில் அடித்துக் கொண்டுபோக, அங்கிருந்த கணினியில் அது பூச்சி பூச்சியாகத் திறந்தது. தமிழ்99 விசைப்பலகையை அவள் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, தானாக.

அடகு

அந்த ஆண்டின் நிலைமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016இல் மேட்டூர் அணை செப்டம்பர் 20 அன்றுதான் திறந்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அரசு அறிவித்தது. இந்த வீட்டுச் சம்பா கதிர் விடாமலே கருகிப்போனது. குத்தகை பாக்கி, உரக்கடை பாக்கி. அந்த நேரத்தில் வீட்டுக்குள் வந்த ஒரே விலைபோகும் பொருள் இந்த மடிக்கணினி.

கருவியின் மேல் 'விற்பனைக்கு அல்ல' என்று பொறித்திருக்கும். அடகுக்கடையில் அதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஊரிலேயே வட்டிக்குக் கொடுக்கும் ஒருவர் வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று மாதம் அங்கே இருந்தது. அவர் பையன் அதில் படம் பார்த்தான். திரும்பி வந்தபோது ஒரு விசை பெயர்ந்திருந்தது. "என்ன சார் செய்யச் சொல்றீங்க, காப்புக் கொலுசெல்லாம் முன்னாடியே போயிடுச்சு" என்றார் அந்த அம்மா. இதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இலவசப் பொருளை விற்றுத் தின்கிறார்கள் என்று அந்நாளில் நிறையப் பேர் ஏளனம் செய்தார்கள். டெல்டாவில் ஒரு பருவம் பொய்த்தால் வீட்டில் இருக்கும் எந்தப் பொருளும் பணமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். இந்த வீடு அதை விற்கவில்லை, மீட்டது. கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு வேண்டும் என்று தேர்வு முடிவு வந்தபின் மீட்டார்கள்.

வீட்டுக்குள் ஓர் அலுவலகம்

மூத்தவள் பி.எஸ்.சி. கணிதம் சேர்ந்தாள். கல்லூரி மூன்று ஆண்டில் மடிக்கணினி படிப்புக்குப் பயன்பட்டது குறைவு. ஒப்படைப்பு தட்டச்சு, செமினாருக்குப் பவர்பாயிண்ட், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பயனை யாரும் திட்டமிடவில்லை. அப்பாவின் கைபேசியை ஹாட்ஸ்பாட் போட்டு இணைத்து, சிட்டா நகல் எடுக்கக் கற்றுக்கொண்டாள். அடுத்து வருமானச் சான்று, சாதிச் சான்று, தனக்கே முதல் பட்டதாரிச் சான்று. அதுவரை இதற்கெல்லாம் ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுக் கடைசித் தேதி நெருங்கும் நவம்பரில் தெருக்காரர்கள் அடங்கலைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். விண்ணப்பத்தில் சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வாள். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், பக்கத்து வீட்டுப் பையனின் பாலிடெக்னிக் விண்ணப்பம். காசு வாங்கமாட்டாள், தேங்காய், கீரை, சில சமயம் உளுந்து வரும்.

இதைக் 'கற்றல்' என்று எந்தப் படிவமும் கணக்கில் எடுக்காது. ஆனால் ஒரு கடவுச்சொல்லை நினைவில் வைப்பது, ஒரு பிடிஎஃப் கோப்பைச் சின்னதாக்குவது, ஓர் அரசுத் தளம் நடுவழியில் நின்றால் எங்கிருந்து மறுபடி தொடங்குவது, இதெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்காதவை. என் பாடத்திட்டத்தைவிட அவளுக்கு உதவியவை.

கஜா

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. பின்பக்கக் கீற்று முழுதாகப் போனது. முன்பக்கத்தில் பாதி ஓடு. முந்தின இரவு, மூடி இறுகும் நீல பிளாஸ்டிக் டிரம்மில் அரிசிக்கு மேல் ரேஷன் அட்டை, பத்திரம், மதிப்பெண் சான்றிதழ்கள், அவற்றோடு மடிக்கணினி. பையனின் பாடப்புத்தகங்களுக்கு இடம் இல்லை. அவை நனைந்து கூழாயின.

டெல்டாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. அந்த ஊருக்குக் கரண்ட் வரப் பல வாரம் ஆனது. அதுவரை கருவி டிரம்மிலேயே கிடந்தது. சார்ஜ் முழுக்க இறங்கி அப்படியே கிடந்ததாலோ, முன்பே தேய்ந்துபோயிருந்ததாலோ, வெளியே எடுத்தபோது பேட்டரி செத்திருந்தது. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. மன்னார்குடிக் கடையில் புது பேட்டரிக்குச் சொன்ன விலை, கூரை போட வைத்திருந்த பணத்தில் கைவைக்கும் அளவுக்கு இருந்தது. வாங்கவில்லை. அன்றிலிருந்து அது மடிக்கணினி என்ற பெயரில் ஒரு மேசைக் கணினி. கூடத்துச் சுவிட்ச் போர்டுக்கு எட்டும் தூரத்தில் மட்டும் ஓடும். கரண்ட் போனால் அதே நொடி அணையும். எங்கள் பள்ளியில் வாங்கிப்போன மற்ற கருவிகளைப் பற்றி விசாரித்தாலும் இதே கதைதான் வருகிறது. திரை உடைந்து போனவை குறைவு. பேட்டரியும் சார்ஜர் முனையும் போனவைதான் அதிகம். ஒன்றியத்துக்கு ஒரு பழுதுபார்க்கும் இடம், அடக்க விலையில் பேட்டரி என்று இருந்திருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் இன்னும் சில ஆண்டு ஆயுள் கிடைத்திருக்கும்.

2020

பள்ளிகள் மார்ச்சில் மூடின. நடுவன் ஜூனில் பத்தாம் வகுப்பு. அந்த ஆண்டு மேட்டூர் ஜூன் 12 அன்றே, பல ஆண்டுகளுக்குப் பின் உரிய தேதியில், திறந்தது. நகரங்களில் ஊரடங்கு என்றால் வீட்டுக்குள் இருப்பது. இங்கே குறுவை நடவுக்கு ஆள் போதாத காலம் அது. அப்பாவும் அம்மாவும் விடிவதற்குள் வயலுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போனும் அப்பாவின் சட்டைப்பையில் போய்விடும். வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் பத்து மணிக்கு அனுப்பும் வீட்டுப்பாடம் நடுவன் கண்ணில் படுவது ராத்திரி எட்டுக்கு.

அதே ஆண்டு ஜூலையில் கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் தொடங்கின. பிளஸ் டூ மாணவர்கள் மடிக்கணினியோடு பள்ளிக்கு வந்தால் ஹைடெக் லேப் எனும் பள்ளிக் கணினி ஆய்வகத்திலிருந்து காணொளிப் பாடங்களைப் பதிந்து கொடுங்கள் என்று எங்களுக்குச் சொன்னார்கள். அரசு செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தச் சின்ன ஏற்பாடுதான். இணையம் கேட்காதது, டேட்டா தீராதது. கல்லூரி மாணவர்களுக்கு அடுத்த ஜனவரியில் தினம் 2 ஜிபி டேட்டா அட்டை வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. பத்தாம் வகுப்புக் காணொளிகளையும் இறக்கி வைத்திருந்தோம். நடுவன் அக்காவின் கருவியைச் சைக்கிள் கேரியரில் சாக்கு சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தான். கணிதமும் அறிவியலும் முழுதாக ஏற்றிக்கொண்டு போனான்.

எப்படிப் பார்த்தான் என்பதை விசாரித்து எழுதி வைத்திருக்கிறேன். காலையில் மாடு, பின் நாற்றங்காலில் கைவேலை. மதியம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் மின்னழுத்தம் குறைந்து கருவி அணைந்து அணைந்து எரியும். ஆகவே மாலை. கணிதக் காணொளியை நிறுத்தி, தான் போட்டுப் பார்த்து, மறுபடி ஓட்டுவான். வடிவியலில் இது நன்றாக வேலை செய்தது. படம் வரைவதை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். இயற்கணிதத்தில் ஓரிடத்தில் சிக்கினால் சிக்கியதுதான், திரையிடம் கேள்வி கேட்க முடியாது. அறிவியல் காணொளிகளை முழுதாகப் பார்த்தது இல்லை என்று அவனே சொன்னான். டிசம்பர் தொடக்கத்தில் புரெவி புயல் மழையில் நான்கைந்து நாள் கரண்ட் இல்லை; பேட்டரி இல்லாததால் அந்த நாட்கள் முழுக்கப் போயின.

அந்த ஆண்டு ஊர்ப் பையன்கள் எல்லாம் கைபேசியில் பப்ஜியிலும், செப்டம்பரில் அது தடைபட்டபின் ஃப்ரீ ஃபயரிலும் கிடந்தார்கள். இந்தப் பழைய கருவியில் அவை ஓடாது, இணையமும் கிடையாது. ரோட் ராஷ் மட்டும் ஓடும், அதுவும் சலித்துவிடும். பூட்டு என்று யாரும் போடாமலே ஒரு பூட்டு விழுந்திருந்தது. 2021 பிப்ரவரியில் ஒன்பது, பத்து, பதினொன்று அனைவரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். நடுவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கணிதத்தில் எவ்வளவு வரும் என்று பார்க்க ஆசைப்பட்டிருந்தான்.

திண்ணை வகுப்பு

இந்தக் கருவி மிக நன்றாக வேலை செய்த காலம் எது என்று கேட்டால் 2021-22 என்பேன். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. ஒன்று முதல் எட்டு வரை படிப்பவர்களுக்குத் தன்னார்வலர் மாலை நேரம் பாடம் எடுப்பார், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பட்டம் முடித்து வீட்டில் இருந்த மூத்தவள் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்குச் சேர்ந்தாள். கடைக்குட்டி அப்போது எட்டாம் வகுப்பு; அக்காவே ஆசிரியர். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் விளக்குப் போடும் பிளக்கில் சொருகி, அந்த ஒற்றைத் திரையைச் சுற்றி இருபது பிள்ளைகள்.

காணொளியை ஐந்து நிமிடம் ஓட்டுவாள். நிறுத்துவாள். "இப்ப இவங்க ஏன் ரெண்டு பக்கமும் அஞ்சைக் கழிச்சாங்க? நீ சொல்லு" என்று ஒருவனை எழுப்புவாள். தெரியாவிட்டால் தரையில் சாக்பீஸால் போட்டுக் காட்டுவாள். ஒருநாள் போய்ப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். தம்பி தனியாக உட்கார்ந்து பார்த்தபோது முடங்கிய அதே இயற்கணிதம், அதே திரை, அங்கே நகர்ந்தது. பக்கத்தில் கேட்க ஓர் ஆள் இருந்ததுதான் வேறுபாடு. ஆளுக்கொரு கருவி என்பதை வேதவாக்காகச் சொல்கிறவர்கள் இந்த மாதிரி மண்டபங்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

2022இல் மூத்தவளுக்குக் கல்யாணம். சீர் எடுத்து வைக்கும்போது மடிக்கணினி யாருடையது என்ற பேச்சு வந்தது. பதிவேட்டில் அவள் பெயர். மாப்பிள்ளை வீட்டில் ஒன்று ஏற்கனவே இருந்தது. "தங்கச்சி படிக்கட்டும்மா" என்று விட்டுவிட்டுப் போனாள். இப்படி விட்டுப் போகாத வீடுகளும் உண்டு. பெண் பெயரில் வந்த கருவி பெண்ணோடு போய், அங்கே மைத்துனன் கைக்குப் போன கதைகள் என் பழைய மாணவிகளிடம் கேட்டிருக்கிறேன்.

மாமா பெண்ணின் கருவி

திருவாரூர் மாவட்டத்தில் சிங்கப்பூர் உறவு இல்லாத தெரு அரிது. கூத்தாநல்லூருக்குப் பட்டப்பெயரே சின்ன சிங்கப்பூர். இந்த வீட்டுக்கும் ஒரு தாய்மாமா அங்கே உண்டு, குடியுரிமை வாங்கிவிட்டவர். 2025 டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் பெண் அங்கே உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டு. பள்ளி வாங்கச் சொன்ன குரோம்புக்கைப் பையில் கொண்டுவந்திருந்தாள். கடைக்குட்டியும் அவளும் திண்ணையில் அதை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான் இந்த ஆய்வை எழுதும் எண்ணமே எனக்கு வந்தது.

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் சொந்தக் கற்றல் கருவி இருக்க வேண்டும் என்பது அரசின் முடிவு. 2020 மார்ச்சில் அறிவித்தபோது 2028க்குள் என்று இலக்கு வைத்தார்கள். கொரோனா வந்ததும் அதையே 2021க்கு இழுத்து, முடித்தும் காட்டினார்கள். அங்கே கருவி இலவசம் கிடையாது. குடும்பம்தான் வாங்க வேண்டும். ஆனால் குடிமக்களின் பிள்ளைகளுக்கு அரசு ஆண்டுதோறும் பணம் போடும் எடுசேவ் கணக்கிலிருந்து கொடுக்கலாம். 2020இல் அந்தக் கணக்கில் கூடுதலாக 200 வெள்ளி போட்டார்கள். வருமானம் குறைந்த வீடுகளுக்கு மானியம் தனி. ஐபேடா, குரோம்புக்கா, விண்டோஸா என்பதைப் பள்ளி முடிவுசெய்யும். உத்தரவாதமும் காப்பீடும் சேர்ந்தே வரும். பாடமும் ஒப்படைப்பும் 2018இல் வந்த எஸ்எல்எஸ் என்ற பொதுத் தளத்தில் இருக்கும்; ஆசிரியர் வகுப்பில் சொல்லும் பயிற்சி அதே கருவியில் திறக்கும்.

பழுதானால் என்ன செய்வாய் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். "ஸ்கூல்லயே கொடுத்துட்டா சரி பண்ணித் தருவாங்க அங்கிள்" என்றாள், நான் ஏன் இதையெல்லாம் கேட்கிறேன் என்ற முகத்தோடு. கடைக்குட்டி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பூட்டு யார் கையில்

அங்கத்திய கருவியில் ஒரு மேலாண்மைச் செயலி கட்டாயம். எந்தத் தளம் திறக்கலாம், எவ்வளவு நேரம், இரவில் எப்போது கருவி உறங்க வேண்டும் என்பதைப் பள்ளி வைத்திருக்கும். பள்ளி நேரம் முடிந்தபின் பெற்றோர் விரும்பினால் கட்டுப்பாட்டைத் தாங்கள் எடுத்துக்கொள்ளலாம், அல்லது முழுதாக நீக்கிக்கொள்ளலாம். எதுவும் சொல்லாவிட்டால் பள்ளி வைத்ததே தொடரும். உறங்கும் நேரம் இரவு 11 ஆக இருந்தது. 2026 ஜனவரி முதல் 10.30. பள்ளி நேரம் முழுக்கக் கைபேசிக்கும் ஸ்மார்ட் வாட்சுக்கும் தடை. ஆளுக்கொரு கருவியைக் கொடுத்து முடித்த நாடே அடுத்ததாகக் கண்ணுக்கும் தூக்கத்துக்கும் வேலி போடுகிறது என்பது நம் ஊரில் டேப் கொடுங்கள் என்று மனு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி.

பூட்டுக்கும் ஆபத்து உண்டு. 2024 ஆகஸ்ட் 4 அன்று, அப்போது பயன்பாட்டில் இருந்த மொபைல் கார்டியன் என்ற மேலாண்மைச் செயலிக்குள் யாரோ புகுந்தார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளில் சுமார் 13,000 மாணவர்களின் கருவிகள் தொலைவிலிருந்தே துடைத்து அழிக்கப்பட்டன. குறிப்புகளை வேறெங்கும் சேமிக்காதவர்களுக்குத் தேர்வு நெருக்கத்தில் எல்லாம் போயிற்று. கல்வி அமைச்சு அந்தச் செயலியையே எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கியது. ஒரே சாவிக்கு எல்லாக் கதவும் திறக்கும்படி வைத்தால் இதுதான் வரும். எங்கள் பாஸ் லினக்ஸைக் கடைக்காரர் அழித்தது நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. இங்கே ஒவ்வொருவனும் தன் கருவியைத் தானே துடைத்துக்கொண்டான்.

சிங்கப்பூர் ஏற்பாட்டை அப்படியே எடுத்து டெல்டாவில் நடும் யோசனை எனக்கு இல்லை. அது நகரம், தடையில்லாத மின்சாரம், நம் மாநிலத்தோடு ஒப்பிட்டால் கைப்பிடி அளவு பள்ளிகள். எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கருவி அங்கே பாடப்புத்தகத்தின் இடத்தில் இருக்கிறது. படிக்கத் தொடங்கும் ஆண்டில் வருகிறது, வகுப்பறையில் திறக்கிறது, கெட்டால் பள்ளி பொறுப்பு. இங்கே அது மேடையில் கொடுக்கும் பரிசின் இடத்தில் இருந்தது. பரிசு கொடுத்தவர் பிறகு வந்து அது ஓடுகிறதா என்று கேட்கமாட்டார்.

மறுபக்கமும் உண்டு. கேட்க ஆள் இல்லாததால்தான் மூத்தவள் அதில் சிட்டா எடுத்தாள், தெருவுக்கே விண்ணப்பம் போட்டாள், கோயில் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போனாள். பள்ளிப் பூட்டு போட்ட கருவியாக இருந்தால் இ-சேவைத் தளம் திறந்திருக்குமா என்பது சந்தேகம். ஆகவே பூட்டு வேண்டும் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, மாலை ஆறு மணிக்குமேல் சாவி வீட்டில் இருக்கட்டும். ஆனால் அந்தச் சாவியை எப்படித் திருப்புவது என்று அம்மாக்களுக்கு ஒருநாள் பள்ளியில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். எங்கள் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது வந்திருந்த அம்மாக்களில் பலர் கைபேசியில் தேதி குறித்துக்கொண்டார்கள். நடவு முடிந்தபின் வைக்கச் சொன்னார்கள், நியாயம்தான்.

இப்போது

நடுவன் 2022-23இல் பிளஸ் டூ முடித்தான். திட்டம் நின்றுபோயிருந்ததால் அவனுக்கு எதுவும் வரவில்லை. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப் என்று, முதற்கட்டமாக ரூ.2,000 கோடி ஒதுக்கி அறிவித்தார்கள். 2026 ஜனவரியில் விநியோகம் தொடங்கியது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளை இந்த வரிசையிலும் நிற்கவில்லை. அவர்களுக்கு இருப்பது பாடப்புத்தகத்தில் கியூஆர் குறியீடு, காணொளிப் பாடங்களுக்காக 2023இல் வந்த மணற்கேணி செயலி, எங்கள் ஹைடெக் லேப். முதல் இரண்டுக்கும் யாருடைய கைபேசியாவது வேண்டும். மூன்றாவது பாதி நாள் ஏதாவதோர் இணையவழித் தேர்வுக்கும் எமிஸ் என்ற மாணவர் விவரத் தளத்தின் பதிவுக்கும் போய்விடும்.

பழைய கருவியின் மதர்போர்டு பின்னர் ஒரு மழையில் போய்விட்டது. நடுவன் அதன் வன்தட்டைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி உறை வாங்கி மாட்டினான். புதிதாக வாங்கிய எல்இடி டிவியில் சொருகினால் 2020இல் நான் பதிந்து கொடுத்த பாடங்கள் ஓடுகின்றன. பாடநூல் அதற்குப்பின் பெரிதாக மாறவில்லை என்பதால், பத்தாம் வகுப்பில் கடைக்குட்டிக்கு அவை பயன்பட்டன. இப்போது பிளஸ் டூ காணொளிகளையும் அதே வன்தட்டில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன்.

பள்ளியில் ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு முதல் யார் பென்டிரைவ் கொண்டுவந்தாலும் வாரத்துக்கு ஒரு பாடம் பதிந்து தருகிறோம். டிவியில் போட்டுப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு ஒருமுறை காட்டுகிறோம். மாலையில் லேப் திறந்திருக்கிறது, கேள்வி கேட்கப் பக்கத்தில் ஒரு பிளஸ் டூ மாணவி இருப்பாள். அப்படி உட்காரும் கடைக்குட்டியின் முறை செவ்வாயும் வியாழனும். மணி அடித்ததும் தொடங்கி ஐந்தேகாலுக்கு மூடிவிட வேண்டும். அவர்கள் ஊருக்குப் போகும் டவுன் பஸ் ஐந்தரைக்கு, அதை விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு மேல். போக்குவரத்துக் கழகக் கிளைக்கு நேரத்தை ஆறு மணிக்கு மாற்றக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.